ஆன்கா வாஸ்குலைட்டிஸ்: கண்டறிவதற்கும் கையாள்வதற்கும் ஒரு வழிகாட்டி

ஒருவருக்கு மூன்று மாதமாக மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு கட்டுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனஸுக்கு மருந்து தருகிறார். பிறகு மூட்டுகள் இடம் மாறி மாறி வலிக்கின்றன; வலி மாத்திரை எழுதப்படுகிறது. கண் சிவந்ததற்குச் சொட்டு மருந்து, இருமலுக்கு ஆன்டிபயாடிக், எடை குறைந்து சோர்ந்ததற்குச் சத்து மாத்திரை என்று ஒவ்வொரு தொல்லையும் தனித்தனியே கவனிக்கப்படுகிறது. நான்காம் மாதம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் வந்து சேரும்போது, சிறுநீரகம் பழுதாகப் பழுதாக இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 6ஐத் தாண்டியிருக்கிறது. இந்த நான்கு மாதங்களில் எவரும் அவருடைய சிறுநீரைச் சோதிக்கவில்லை.

இது ஒரு தனிமனிதரின் கதையன்று. ஆன்கா வாஸ்குலைட்டிஸ் எனப்படும் சிறு இரத்தக்குழாய் அழற்சி நோயில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காணும் வரிசை இது. ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 20 பேருக்குப் புதிதாக வரும் அரிய நோய் என்பதால், பொது மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இரண்டு மூன்று பேரை மட்டுமே சந்திக்கக்கூடும். அந்த இரண்டு மூன்று பேரைத் தவறவிடாமல் இருப்பது எப்படி, கண்டறிந்தபின் சிகிச்சை எப்படி நடக்கிறது என்பவற்றை முதல்நிலை மருத்துவர்களையும், நோயாளிகளின் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இதில் வரும் மருந்தளவுகள் சிகிச்சையின் போக்கைப் புரிந்துகொள்வதற்கானவை. எவரும் தாமே அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்காகச் சில நொதிகளைத் தமக்குள் சுமந்து திரிகின்றன. அவற்றுள் புரோட்டினேஸ் 3 (பிஆர்3), மையலோபெராக்சிடேஸ் (எம்பிஓ) ஆகிய இரண்டில் ஒன்றுக்கு எதிராக உடலே ஆன்டிபாடிகளைத் தயாரிக்கத் தொடங்குவதுதான் இந்நோயின் அடிப்படைக் கோளாறு. ஆன்கா என்பது அந்த ஆன்டிபாடிகளின் பொதுப்பெயர். ஏதேனுமொரு தொற்றோ வேறு தூண்டுதலோ நியூட்ரோபில்களை விழிக்கச் செய்யும்போது அந்த நொதிகள் அணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. ஆன்கா அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கிருமிக்காக வைத்திருந்த ஆயுதங்களை நியூட்ரோபில் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரிலேயே கொட்டிவிடுகிறது. இந்தத் தீயை, கிருமிகளை எதிர்க்கும் இரத்தப் புரதங்களின் தொகுதியான காம்ப்ளிமென்ட் அமைப்பைச் சேர்ந்த சி5ஏ என்னும் மூலக்கூறு மேலும் ஊதிப் பெருக்குகிறது. நுண்குழாய்கள் மிகுதியாக உள்ள சிறுநீரகமும் நுரையீரலும் கடுமையாக அடிபடுவது இதனால்தான். மரபுக்கூறுகளுக்கும், சிலிக்கா தூசியை நெடுநாள் சுவாசிப்பதற்கும், சில மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் இன்ன காரணம் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கிடைப்பதில்லை.

இக்குடும்பத்தில் மூன்று நோய்கள் உள்ளன. மூக்கு, காது, நுரையீரல் ஆகியவற்றில் கிரானுலோமா எனப்படும் அழற்சிக் கட்டிகளையும் உண்டாக்குவது கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்ஜைட்டிஸ், சுருக்கமாக ஜிபிஏ. கட்டிகள் இல்லாமல் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்குவது மைக்ராஸ்கோப்பிக் பாலிஆஞ்ஜைட்டிஸ், அதாவது எம்பிஏ. ஆஸ்துமாவும், ஈசினோபில் என்னும் வெள்ளணு வகையின் மிகுதியும் சேர்ந்து வருவது ஈசினோபிலிக் ஜிபிஏ, அதாவது ஈஜிபிஏ. பழைய மருத்துவக் கோப்புகளைப் புரட்டுபவர்கள் முதலாவதை வெகனர் கிரானுலோமடோசிஸ் என்றும், மூன்றாவதைச் சர்க்-ஸ்ட்ராஸ் நோய் என்றும் காணலாம். 1930களில் ஜிபிஏவை விவரித்த ஃப்ரெடரிக் வெகனர் நாஜிக் கட்சியுடன் தொடர்புடையவர் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டதால், 2011இல் மருத்துவச் சங்கங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டன.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

தனியே பார்த்தால் எந்த அறிகுறியும் இந்நோயைக் காட்டிக்கொடுப்பதில்லை. மூக்கடைப்பு யாருக்கும் வரும், மூட்டுவலியும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு உறுப்புகளில் சில வாரங்களுக்குள் அழற்சி தோன்றி, கூடவே எடை இழப்பும் இரவு வியர்வையும் ஓயாத சோர்வும் இருந்தால்தான் சந்தேகம் எழ வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு முதல்முறையாகக் காதில் நீர்கோத்துக் கேட்கும் திறன் குறைவது, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத சைனஸ், மூக்கின் நடுச்சுவரில் துளை, மூக்குத்தண்டு சேணம்போல் உள்வாங்குதல், குரல் கரகரத்து மூச்சு இழுக்கும்போது சீறும் ஒலி, கண்ணின் வெண்படலத்தில் வலியோடு கூடிய சிவப்பு, திடீரென ஒரு பாதம் தொய்ந்துபோய் நடையில் இடறுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்நோய் ஒளிந்திருக்கக்கூடும்.

தோலில் தோன்றும் புள்ளிகளை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பும் ஊதாவுமாகச் சிறு புள்ளிகள் தோன்றினால், கண்ணாடி டம்ளர் ஒன்றின் பக்கவாட்டை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பாக இருந்தால் அழுத்தும்போது வெளுத்துவிடும். குழாயிலிருந்து கசிந்த இரத்தம் வெளுக்காது. விரலால் தடவும்போது அந்தப் புள்ளிகள் சற்றே மேடாகத் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் குறைவதாலும் வெளுக்காத புள்ளிகள் வரும்; ஆனால் அவை பெரும்பாலும் மேடாக இருப்பதில்லை. காய்ச்சலோடு இத்தகைய புள்ளிகள் வேகமாகப் பரவினால் அது மூளைக்காய்ச்சல் கிருமியின் வேலையாகவும் இருக்கலாம் என்பதால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுநீரைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். சிறுநீரகம் வலிக்காமலேயே அழியும் உறுப்பு. அதன் குளோமெருலஸ்கள், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருள்கள், ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருக்கும்போதும் நோயாளிக்குச் சிறுநீர் கழிப்பதில் எரிச்சலோ தடையோ தெரிவதில்லை. சிலருக்கு நுரை தெரியும். சிலருக்குக் கட்டங்காப்பி நிறத்தில் போகும். பலருக்கு எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சோதனைப் பட்டையை நனைத்தால் இரத்தத்துக்கான கட்டமும் புரதத்துக்கான கட்டமும் நிறம் மாறிவிடும். மேற்சொன்ன அறிகுறிகளில் எதனோடு ஒருவர் வந்தாலும், எந்தத் துறை மருத்துவரிடம் வந்தாலும், முதல் நாளிலேயே இந்தப் பட்டைச் சோதனையைச் செய்வதில் எந்தச் சிரமமும் இல்லை.

பட்டையில் இரத்தம் தெரிந்தால் அடுத்த படி நுண்ணோக்கி. சிறுநீர் புதிதாக இருக்க வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் அணுக்கள் சிதைந்துவிடும். ஏறத்தாழ 10 மில்லிலிட்டரைச் சுழற்பொறியில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு துளியைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையிலிருந்தோ கல்லினாலோ வந்த சிவப்பணுக்கள் உருண்டையாக, ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும். குளோமெருலஸின் கிழிந்த சுவர் வழியாக நுழைந்துவந்தவை நசுங்கி, வளையத்தின் விளிம்பில் சிறு மொட்டுகள் முளைத்தாற்போல் காட்சி தரும். சிவப்பணுக்கள் வரிசையாக அடைந்த உருளை வடிவ வார்ப்பு ஒன்று கண்ணில் பட்டால், குளோமெருலஸில் அழற்சி இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். தானியங்கிக் கருவிகள் இந்த வார்ப்புகளைத் தவறவிடுவதுண்டு. ஆகவே அறிக்கையில் "சிவப்பணுக்கள் 20 முதல் 25" என்று மட்டும் வந்தால், ஆய்வக மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, வடிவம் எப்படி இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கிரியேட்டினினைப் படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மூன்று மாதத்துக்கு முன் 0.7 இருந்தது, இன்று 1.2 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தாள்களிலும் அந்த எண் இயல்பு எல்லைக்குள் இருப்பதாக அச்சாகியிருக்கலாம். சிவப்பு எழுத்தோ நட்சத்திரக் குறியோ இராது. ஆயினும் அவருடைய சிறுநீரகம் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. பழைய அறிக்கையைத் தேடி எடுத்து அருகில் வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும். சில வாரங்களுக்குள் எண் இப்படி ஏறிக்கொண்டிருந்து, சிறுநீரிலும் இரத்தம் இருந்தால், அது விரைந்து முற்றும் குளோமெருலஸ் அழற்சி என்று கருதி அன்றே சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அடுத்த வாரப் புறநோயாளர் சீட்டு போதாது.

ஆன்கா பரிசோதனையும் அதன் எல்லைகளும்

1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சில சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் இந்த ஆன்டிபாடியைக் கண்டனர். 1985இல் ஜிபிஏவுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டது. பழைய முறையில், நியூட்ரோபில்கள் பதிந்த கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரத்தை ஊற்றி, ஒளிரும் அமைப்பைப் பார்த்து, அணுவின் உடல் முழுவதும் ஒளிர்ந்தால் சி-ஆன்கா, கருவைச் சுற்றி ஒளிர்ந்தால் பி-ஆன்கா என்று பெயரிட்டனர். 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்புதலுக்குப் பிறகு, பிஆர்3, எம்பிஓ ஆகிய இரண்டு ஆன்டிபாடிகளையும் நேரடியாக அளக்கும் சோதனையே முதலில் செய்யத்தக்கது என்பது நடைமுறையாகிவிட்டது. ஆய்வகத்துக்கு எழுதும்போது "ஆன்கா" என்று மொட்டையாக எழுதாமல், "பிஆர்3, எம்பிஓ ஆன்டிபாடி அளவு" என்று எழுதுங்கள்.

முடிவைப் படிப்பதில்தான் தடுமாற்றங்கள் நேர்கின்றன. ஜிபிஏ, எம்பிஏ நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு ஆன்கா இல்லாமலே இருக்கலாம்; மூக்கோடு நின்றுவிட்ட ஜிபிஏவில் இது இன்னும் அதிகம். ஈஜிபிஏவில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்கே ஆன்கா தென்படும். ஆகவே "ஆன்கா நெகட்டிவ்" என்ற ஒற்றை வரியைக் கொண்டு நோய் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. மறுபுறம், இதய வால்வுத் தொற்று, காசநோய், பெருங்குடல் அழற்சி, தைராய்டுக்குத் தரும் புரோப்பில்தயோயுராசில், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசின், லெவாமிசோல் கலந்த கொக்கெயின் ஆகியவற்றாலும் ஆன்கா தோன்றுகிறது. பிஆர்3, எம்பிஓ இரண்டுமே ஒருசேரப் பாசிட்டிவ் என்று வந்தால், மருந்துப் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து கேட்பதே என் முதல் வேலையாக இருக்கும். சந்தேகமே இல்லாத இடத்தில், வெறும் மூட்டுவலிக்கும் சோர்வுக்கும் இந்தச் சோதனையை எழுதுவதால் வரும் குழப்பம் சிறிதன்று.

2022இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் வெளியிட்ட புள்ளிக் கணக்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பிஆர்3க்கு 5 புள்ளி, மூக்குப் பாதிப்புக்கு 3 புள்ளி என்று கூட்டி, 5 வந்தால் ஜிபிஏ என்று வகைப்படுத்தும் முறை அது. சிறு இரத்தக்குழாய் அழற்சி இருக்கிறது என்று உறுதிசெய்து, அதைப்போல் தோன்றும் பிற நோய்களை விலக்கியபின், ஆய்வுகளுக்காக மூன்று நோய்களையும் பிரித்து அடுக்குவதற்கே அது உருவானது. நோய் இருக்கிறதா என்று அறிய அதைப் பயன்படுத்துவது, தெரு தெரியாமல் வீட்டு எண்ணைத் தேடுவதைப் போன்றது.

விலக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது தொற்று. ஜிபிஏ நுரையீரலில் உண்டாக்கும் கட்டிகள் நடுவில் குழிவிழுந்து, எக்ஸ்ரேயில் காசநோயைப் போலவே தோன்றும். இரண்டிலும் கிரானுலோமா உண்டு. இரண்டிலும் சளியில் இரத்தம் வரும். காசநோயைத் தவறாக ஜிபிஏ என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பெருகும். ஜிபிஏவைக் காசநோய் என்று எண்ணி ஆறு மாதம் மருந்து கொடுத்தால் அதற்குள் சிறுநீரகம் போய்விடும். சளியில் கிருமியே காணாத நிலையில் காசநோய் மருந்தைத் தொடங்க நேரும்போதெல்லாம் சிறுநீரையும் ஒருமுறை பார்த்துவிடுவது இந்தச் சிக்கலுக்கு எளிய தற்காப்பு. இவற்றோடு இரத்தக் கல்ச்சர், இதய எக்கோ, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி சோதனைகள், லூப்பஸ் என்னும் மற்றொரு தன்னெதிர்ப்பு நோய்க்கான ஏஎன்ஏ, காம்ப்ளிமென்ட் அளவுகள், குளோமெருலஸின் அடித்தளச் சவ்வைத் தாக்கும் ஆன்ட்டி-ஜிபிஎம் ஆன்டிபாடி ஆகியவற்றையும் ஒரே முறையில் அனுப்பிவிட வேண்டும். ஆன்ட்டி-ஜிபிஎம்மும் ஆன்காவும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து இருப்பதுண்டு; அப்போது சிகிச்சையே மாறுகிறது.

நுரையீரலுக்குள் இரத்தம் கசிவது தனிக் கவனத்துக்குரியது. இருமலில் இரத்தம் வந்தால்தான் கசிவு என்று நினைக்கக் கூடாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வெளியே ஒரு துளியும் வருவதில்லை. காரணமின்றி ஹீமோகுளோபின் இரண்டு நாளில் 2 கிராம் இறங்குவதும், மூச்சு வாங்குவதும், எக்ஸ்ரேயில் இருபுறமும் பஞ்சுபோன்ற வெண்மை படர்வதும் சேர்ந்தால் கசிவு என்றே கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி வழியாக உப்புநீரை விட்டு உறிஞ்சும்போது, ஒவ்வொரு முறையும் வெளிவரும் நீர் முந்தையதைவிடச் சிவந்து வந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

திசுப் பரிசோதனை

முடிந்தவரை ஒரு திசுவில் நோயைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பாற்றலை அடக்கப் போகிறோம் என்பதால் "இருக்கலாம்" என்ற நிலையில் தொடங்குவது பின்னாளில் வருத்தம் தரும். மூக்கிலிருந்து எடுக்கும் துண்டு எளிதானது, ஆனால் பலமுறை வெறும் அழற்சி என்றே அறிக்கை வரும். சிறுநீரகத் துண்டுதான் தெளிவாகப் பேசும். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, உறைதலைத் தடுக்கும் மருந்துகளை நிறுத்தி, அல்ட்ராசவுண்டு பார்த்தபடி ஊசியால் எடுக்கப்படும் அந்த மெல்லிய இழையில், குளோமெருலஸைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் அணுக்கள் குவிந்திருக்கும். சுருளின் ஒரு பகுதி கருகினாற்போல் அழிந்திருக்கும். ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால் ஆன்டிபாடிப் படிவுகள் ஏறத்தாழ இரா. லூப்பஸிலிருந்தும் பிற நோய்களிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டுவது அந்த வெறுமைதான். எத்தனை குளோமெருலஸ்கள் பழுதின்றி உள்ளன, எத்தனை தழும்பாகிவிட்டன என்ற எண்ணிக்கை, சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பதையும் முன்கூட்டியே சொல்கிறது.

ஆனால் நுரையீரலில் இரத்தம் கசிகிறது, அல்லது கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. தொற்றுக்கான மாதிரிகளை அனுப்பிவிட்டு அன்றே ஸ்டீராய்டைத் தொடங்கலாம். சில நாள் கழித்து எடுத்தாலும் துண்டில் நோயின் தடயம் இருக்கும்.

சிகிச்சை: தீயை அணைக்கும் மாதங்கள்

1958இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சிகிச்சை பெறாத ஜிபிஏ நோயாளிகள் சராசரியாக ஐந்து மாதமே உயிர் வாழ்ந்தனர். ஓராண்டுக்குள் 82 விழுக்காட்டினர் இறந்தனர். 1970களில் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடும் ஸ்டீராய்டும் சேர்ந்து இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டன. இன்று நோயாளிகளில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். அன்று நோய் கொன்றது. இன்று முதல் ஆண்டில் நேரும் மரணங்களில் தொற்றே முந்தி நிற்கிறது. சிகிச்சையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இந்த இரண்டாவது உண்மை இருக்க வேண்டும்.

உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து இருந்தால், மெத்தில்பிரெட்னிசொலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை ஒன்று முதல் மூன்று நாள் சிரைவழி தரப்படுகிறது. தொடர்ந்து பிரெட்னிசொலோன் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் வீதம் தொடங்குகிறது. முன்பெல்லாம் இந்த அளவை ஒரு மாதம் நீட்டித்தனர். 704 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வு, அதைவிட வேகமாகக் குறைத்தாலும் உயிரிழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடுவதில்லை என்றும், கடுமையான தொற்றுகள் குறைகின்றன என்றும் காட்டியது. அம்முறையில் 60 கிலோ எடையுள்ளவர் முதல் வாரம் 60 மில்லிகிராம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் நான்காம் வாரங்களில் 25 என்று இறங்கி, ஏறத்தாழ நான்கு மாதத்தில் 5 மில்லிகிராமுக்கு வந்துவிடுகிறார். பழைய முறைக்குப் பழகிய கைகளுக்கு இந்த வேகம் அச்சம் தரலாம். என்றாலும் சான்று இதன் பக்கம் இருக்கிறது.

ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு, பி வகை வெள்ளணுக்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் ஆகிய இரண்டில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2010இல் வெளியான ரேவ் ஆய்வில் ரிட்டுக்சிமாப் சைக்ளோபாஸ்பமைடுக்குக் குறைந்ததன்று என்பதும், நோய் திரும்பிவந்தவர்களிடம் அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதும் தெளிவாயின. குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களுக்கும், முன்பே நிறையச் சைக்ளோபாஸ்பமைடு பெற்றவர்களுக்கும், பிஆர்3 வகையில் நோய் மீண்டவர்களுக்கும் ரிட்டுக்சிமாப் ஏற்றது. வாரம் ஒருமுறை சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம் வீதம் நான்கு முறையோ, 1 கிராம் வீதம் இரு வார இடைவெளியில் இரண்டு முறையோ தரப்படுகிறது. கிரியேட்டினின் மிக உயர்ந்து சிறுநீரகம் வேகமாகச் சரியும் நிலையில் பலர் இன்னும் சைக்ளோபாஸ்பமைடையே நம்புகின்றனர். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், முதல் மூன்று ஊசிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அளவு குறைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் வெள்ளணு எண்ணிக்கை கட்டாயம். ஊசி நாளில் நிறையத் தண்ணீர் குடிப்பதும், தேவைக்கேற்ப மெஸ்னா தருவதும் சிறுநீர்ப்பையைக் காக்கின்றன. சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் நோய் இல்லாமல் மூக்கு, மூட்டு அளவில் மட்டும் இருப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் போதுமானதாக இருக்கலாம்.

இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம் பற்றிக் குடும்பத்தார் அடிக்கடி கேட்கின்றனர். பெக்ஸிவாஸ் ஆய்வில் அது உயிரிழப்பையும் நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையும் தெளிவாகக் குறைக்கவில்லை. எல்லோருக்கும் அது தேவையில்லை, கிரியேட்டினின் 3.4க்கு மேல் சென்றவர்களிடம் பலனையும் தொற்று ஆபத்தையும் எடைபோட்டு முடிவெடுக்கலாம். ஆன்ட்டி-ஜிபிஎம் சேர்ந்திருந்தால் தவிர்க்க முடியாது. சி5ஏயின் வாயிலை அடைக்கும் அவாகோபான் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 30 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை எடுத்தால் ஸ்டீராய்டின் அளவை வெகுவாகக் குறைக்க முடிகிறது, ஆனால் கல்லீரல் நொதிகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஈஜிபிஏவுக்குத் தனிப் பாதை உண்டு: இதயமோ நரம்போ சிறுநீரகமோ கடுமையாகப் பாதிக்கப்படாதவரை, ஸ்டீராய்டோடு, ஈசினோபில்களைக் குறைக்கும் மெப்போலிசுமாப் 300 மில்லிகிராம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பதே இன்று விரும்பப்படும் வழி.

டயாலிசிஸில் தொடங்க நேர்ந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் அதிலிருந்து விடுபடுகின்றனர். மீளாதவர்களுக்கும், நோய் முழுதாக அடங்கி ஆறு மாதமேனும் கழிந்தபின் சிறுநீரக மாற்று நன்றாகவே பலனளிக்கிறது.

தொற்றிலிருந்து காத்தல்

முதல் ஊசிக்கு முன்பே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்யாமல் ரிட்டுக்சிமாப் தருவது மன்னிக்க முடியாத பிழை. உறங்கிக்கிடக்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலை அழித்துவிடும். உறங்கும் காசநோயையும் தேட வேண்டும். தொற்றை எதிர்க்கும் ஆன்டிபாடி வகையான இம்யூனோகுளோபுலின் ஜியின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னாளில் அது சரியும்போது ஒப்பிட முடியும். நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கக் காட்ரைமாக்ஸசோல் 480 மில்லிகிராம் தினமுமோ, 960 மில்லிகிராம் வாரம் மூன்று முறையோ தரப்படுகிறது. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, நிமோகாக்கஸ் தடுப்பூசி ஆகியவற்றை இயன்றால் ரிட்டுக்சிமாபுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் உடல் சரியாகப் பதில் தராது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் கூடவே கூடாது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும், சைக்ளோபாஸ்பமைடுக்கு முன் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது பற்றிய உரையாடலும் அவசரத்தில் விடுபட்டுப்போகும் விஷயங்கள்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஓர் எச்சரிக்கை. அது வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு எடுத்தவர்கள் எலும்புமச்சை செயலிழந்து இறந்திருக்கின்றனர். மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். காட்ரைமாக்ஸசோலும் அதனோடு சேர்ந்தால் மச்சையை நசுக்கும் என்பதால், இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் விழுங்காதீர்கள்.

அடங்கிய பின்

மூன்று முதல் ஆறு மாதத்தில் நோய் அடங்கியதும் பராமரிப்புக் கட்டம் தொடங்குகிறது. 2014இல் வெளியான மெயின்ரிட்சன் ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும், அசத்தியோபிரின் எடுத்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் 28 மாதத்துக்குள் நோய் கடுமையாகத் திரும்பியது. அசத்தியோபிரின்தான் கைக்கெட்டும் என்றால் அதுவும் நல்ல மருந்தே. தொடங்குமுன் டிபிஎம்டி, என்யுடிடி15 மரபுச் சோதனைகளைச் செய்துவிட்டால் வெள்ளணுக்கள் திடீரென வீழும் ஆபத்தைத் தவிர்க்கலாம். ஆசியர்களிடம் இரண்டாவதே முக்கியமானது. சிகிச்சை பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. பிஆர்3 வகையினருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்கு நிறுத்துவதில் நிதானம் வேண்டும்.

ஆன்கா அளவு ஏறியது என்பதற்காக மட்டும் மருந்தைக் கூட்டக் கூடாது. அறிகுறியில்லாமல் அளவு ஏறினால், வருகைகளை நெருக்கமாக்கிச் சிறுநீரையும் கிரியேட்டினினையும் அடிக்கடி பார்த்தால் போதும். காய்ச்சல் வந்தால் நோய் திரும்பியதா, தொற்றா என்று வீட்டிலிருந்தபடி ஊகிக்க முயலாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டை ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது. வாந்தியினால் மாத்திரை தங்கவில்லை என்றால் அதுவே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம்.

சோதனைப் பட்டைக் குப்பி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சொல்வேன். முதலிரண்டு ஆண்டுகளில் மாதம் ஒருமுறையும், மூக்கில் மறுபடி பொருக்கு கட்டினாலோ சளி பத்து நாளுக்கு மேல் நீடித்தாலோ அப்போதும், காலைச் சிறுநீரில் பட்டையை ஒரு நொடி நனைத்தெடுத்து, விளிம்பைத் தாளில் ஒற்றி, குப்பியில் அச்சிட்டுள்ள நேரம் வரை காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிட வேண்டும். குப்பியின் மூடியை உடனே இறுக மூட வேண்டும். ஈரக்காற்று பட்ட பட்டைகள் பொய் சொல்லும். தேதியையும், இரத்தக் கட்டத்தின் அளவையும், புரதக் கட்டத்தின் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வழக்கமாக ஒரு பிளஸ் காட்டிய இரத்தக் கட்டம் இரண்டு பிளஸோ அதற்கு மேலோ காட்டினால் மறுநாள் காலையில் ஒருமுறை சோதித்துப் பார்த்து, அன்றும் அப்படியே இருந்தால் அடுத்த வருகைக்கான தேதி வரை பொறுத்திராமல் நோட்டை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.